பழகிப்போன வலி... நிபுணரைப் பார்க்க வேண்டிய நேரம் எது?

காலை 5 மணி. பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கிறார் அந்த அம்மா. விரல்கள் மடங்கவில்லை. இரண்டு கைகளையும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கிறார்.

"என்னம்மா, இன்னிக்கும் கை வலியா?" என்கிறாள் மகள்.

"ஒண்ணுமில்லடி... நேத்து ரெண்டு பெட்ஷீட் துவைச்சேன்ல, அதான்."

மாலையில் தெருமுனை மருந்துக்கடை. "தம்பி, போன தடவை கொடுத்தியே, அதே மாத்திரையில பத்து கொடுப்பா." அவரும் சீட்டு கேட்பதில்லை, இவரும் காட்டுவதில்லை. இப்படியே எட்டு மாதங்கள் ஓடிவிட்டன.

அந்த அம்மாவுக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறும் பாட்டி, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பும் மகன், மாதத்தில் மூன்று நாள் சுருண்டு படுக்கும் கல்லூரி மாணவி, நெற்றியில் தைலம் தடவாமல் தூங்கவே முடியாத அப்பா. இவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பழகிப்போச்சு."

அந்த வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது. எவ்வளவு வலியைத் தாங்க முடிகிறது என்பதை வைத்து யாரும் டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடாது. எத்தனை நாளாக வலிக்கிறது, கூடவே வேறு என்ன வருகிறது, அந்த வலி அன்றாட வாழ்க்கையில் இருந்து எதையெல்லாம் பிடுங்கிக்கொண்டது... இந்த மூன்றும்தான் சரியான அளவுகோல்கள்.

மூன்று மாதம் என்ற கோடு

புதிதாக வரும் வலி ஒரு காவல் நாயைப் போல. திருடன் வந்தால் குரைக்கும், போய்விட்டால் அடங்கிவிடும். கால் சுளுக்கினால் வலிக்கிறது. அதனால் காலை ஊன்றாமல் பார்த்துக்கொள்கிறோம். சுளுக்கு ஆறியதும் வலியும் போய்விடுகிறது. இந்த வலி உடம்புக்கு நன்மை செய்கிறது.

சில நேரம் அந்த நாய்க்குப் பழக்கம் கெட்டுவிடுகிறது. பேப்பர் போடும் பையன் வந்தாலும் குரைக்கிறது. இலை விழுந்தாலும் குரைக்கிறது. மூட்டிலோ தசையிலோ ஏற்பட்ட காயம் ஆறிய பிறகும் நரம்புகள், தண்டுவடம், மூளை ஆகியவை வலிச் செய்தியைப் பெருக்கி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. லேசாகத் தொட்டாலே வலிக்கும் நிலைகூட வருகிறது.

இப்படி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும் வலியையும் 'நாள்பட்ட வலி' என்கிறது மருத்துவ உலகம். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்குத் தனி இடமே உண்டு. வேறொரு நோயின் அடையாளமாக வரும் வலியும் அதில் இருக்கிறது. வலியே நோயாகிவிட்ட நிலையும் இருக்கிறது. 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் வலிக்கிறது' என்பவர்கள் நடிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதனால் எல்லா வலிக்கும் பதறி ஓட வேண்டியதில்லை. கனமான பொருளைத் தூக்கியதால் வந்த சாதாரண இடுப்பு வலி, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். அந்த நாள்களில் முழு ஓய்வு என்று படுக்கையிலேயே கிடப்பதுதான் தவறு. முடிந்த அளவு நடமாடுபவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள்.

காத்திருக்கவே கூடாத வலிகள்

மூன்று மாதக் கணக்கு சில வலிகளுக்குப் பொருந்தாது. கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் 108-ஐ அழைக்க வேண்டும்.

* நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை அல்லது மேல் வயிற்றில் வலி, கூடவே வியர்வை, மூச்சிரைப்பு. 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துக்கொண்டிருக்கும் நேரம் இதயத்துக்கு மிகவும் விலை உயர்ந்த நேரம்.

* இடுப்பு வலியோடு சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது. தண்டுவடத்தின் கீழே இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் இவை. சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தர பாதிப்பில் முடியலாம்.

* இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. தலைவலியோடு வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் இழுப்பது, கழுத்து விறைப்பு, காய்ச்சல்.

* ஒரே மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, காய்ச்சலும் அடிப்பது. மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம்.

* ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலிப்பது. நீண்ட பயணத்துக்குப் பிறகோ, அறுவை சிகிச்சைக்குப் பிறகோ வந்தால் ரத்தக்கட்டியா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, அன்றைக்கே ஓட வேண்டியதில்லை என்றாலும் அந்த வாரத்துக்குள் பார்க்க வேண்டிய முதுகு வலி ஒன்று உண்டு. படுத்தாலும் குறையாது, இரவில் அதிகமாகும். கூடவே மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை சேர்ந்துகொள்ளும். உலகிலேயே அதிக காசநோயாளிகள் இருக்கும் நாடு இந்தியா. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையாலேயே குணமாக்கலாம். அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்துகள் இலவசம். ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும், எலும்பு தேய்ந்த முதியவர்கள் லேசாக வழுக்கி விழுந்த பிறகு முதுகு வலித்தாலும் இதே அவசரம் காட்ட வேண்டும்.

எந்த வலிக்கு யார்?

"கை வலின்னா எலும்பு டாக்டர், தலைவலின்னா கண் டாக்டர்" என்பதுதான் வீடுகளில் இருக்கும் கணக்கு. அந்தக் கணக்கு பல நேரம் தவறிப்போகிறது. வலி எந்த இடத்தில் என்பதோடு, அது எப்படிப்பட்ட வலி என்பதையும் சொன்னால்தான் சரியான கதவு திறக்கும்.

*காலையில் இறுகும் மூட்டுகள்:* மூட்டுத் தேய்மானத்தில், எழுந்ததும் இருக்கும் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் போய்விடும். நடக்க நடக்க, வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் இது தலைகீழ். காலையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ மூட்டுகள் இறுகிக்கிடக்கும். இரண்டு கைகளிலும் விரல்களின் சிறு மூட்டுகள் வீங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வரும். ஆரம்ப மாதங்களில் மருந்தைத் தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம். கோணிய பிறகு நிமிர்த்துவது கடினம். ஆகவே மூட்டு வீக்கம் சில வாரங்களைத் தாண்டினாலே ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணரைப் பார்த்துவிட வேண்டும். 'ஆர்.ஏ. ஃபேக்டர்' ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்தாலும் முடக்குவாதம் இருக்கக்கூடும்.

*இளைஞர்களின் இடுப்பு வலி:* 'எப்பவும் பைக்லயே சுத்துறான், அதான்' என்று வீட்டில் திட்டு வாங்கும் இளைஞருக்கு, ஓய்வில் வலி கூடி நடந்தால் குறைகிறதா? பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா? மூன்று மாதங்களைத் தாண்டிவிட்டதா? அப்படியானால் முதுகெலும்பை மெள்ள மெள்ள இறுகவைக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாக இருக்கலாம். இதற்கும் வாதநோய் நிபுணர்தான்.

*பாதத்தில் எரிச்சல்:* மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும்; ஊசி குத்தும்; இரவில் போர்வை பட்டாலே பொறுக்காது. சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் நரம்பு வலி இது. சாதாரண வலி மாத்திரை இதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. இதற்கான மருந்துகளில் சில, மன அழுத்தத்துக்கும் வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுபவை. இணையத்தில் மாத்திரையின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, 'எனக்கு எதுக்கு ஃபிட்ஸ் மாத்திரை?' என்று பயந்து நிறுத்திவிடுபவர்கள் நிறைய. அதே மருந்து நரம்பு வலிக்கும் வேலை செய்கிறது என்பதுதான் விஷயம். சர்க்கரை நோய் நிபுணரையோ, நரம்பியல் நிபுணரையோ பார்க்கலாம்.

*முகத்தில் ஷாக்:* பல் துலக்கும்போது, முகம் கழுவும்போது, சாப்பிடும்போது ஒரு பக்கக் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் சுரீரென்று வலி. பல் வலி என்று நினைத்து, நல்ல பல்லையே பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. முக்கிளை நரம்பு வலியாக இருந்தால் அதற்கென்றே மருந்து இருக்கிறது. நரம்பியல் நிபுணரிடம் போக வேண்டும்.

*அக்கி:* ஊர்ப்புறங்களில் அக்கி வந்தால் காவி குழைத்து எழுதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. எழுதுவது அவரவர் நம்பிக்கை. ஆனால், கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவதுதான் அதிகப் பலன் தரும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் அந்த இடம் எரிகிறது என்றால் அது அக்கி விட்டுச்சென்ற நரம்பு வலி. அதற்கும் சிகிச்சை உண்டு.

*மாதவிடாய் வலி:* 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்ற ஒற்றை வரியால் எத்தனையோ பெண்களின் வலி பல வருடங்கள் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. பள்ளிக்கோ, அலுவலகத்துக்கோ போக முடியாத அளவு வலி, மலம் கழிக்கும்போது வலி, தாம்பத்யத்தில் வலி... இவை இருந்தால் எண்டோமெட்ரியோசிஸா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேன் நார்மல் என்பதால் மட்டும் இது இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

*நடந்தால் கெண்டைக்கால் வலி:* கொஞ்ச தூரம் நடந்ததும் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். புகைப்பிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் இதை நரம்பு இழுப்பு என்று விட்டுவிடக் கூடாது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடையே மருத்துவமனையானால்...

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் நல்ல மருந்துகள்தான். மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்களுக்குச் சாப்பிட்டால் உதவும். 'அதே மாத்திரையில பத்து' என்று மாதக்கணக்கில் வாங்கும்போதுதான் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு என்று வரிசையாக வருகின்றன. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீரகம் பழுதாவது வெளியே தெரியாது, வலிக்கவும் வலிக்காது.

தலைவலியில் இன்னொரு பொறி இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள்கள் அல்லது அதற்கு மேல், இப்படி மூன்று மாதங்களுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். பல மருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கும், ஒற்றைத் தலைவலிக்கான சில மாத்திரைகளுக்கும் 10 நாள்களே போதும். தலைவலிக்காக மாத்திரை, மாத்திரையால் தலைவலி என்று சுற்றிக்கொண்டே இருப்பவர்கள் நரம்பியல் நிபுணரின் உதவி இல்லாமல் வெளியே வருவது சிரமம்.

'மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து' என்று லேபிள் இல்லாமல் கிடைக்கும் பொடிகள், உருண்டைகளிடமும் எச்சரிக்கை தேவை. சாப்பிட்ட இரண்டே நாளில் வலி மாயமாகி, பசி எடுத்து, முகம் உப்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால், நாள்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மிச்சம் இருக்கும் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போவதே நல்லது.

ஸ்கேன் சொல்வது எல்லாம் நோய் அல்ல

"முதுகுல நாலாவது டிஸ்க் தேஞ்சு போச்சாம்" என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. முதுகு வலியே இல்லாத 3,000-க்கும் அதிகமானவர்களின் ஸ்கேன் முடிவுகளை ஒன்றாகத் திரட்டி 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவிகிதம். தலை நரைப்பதைப்போல் டிஸ்க்கும் வயதாகிறது.

எனவே, படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்ய முடியாது. ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லாதபோது, ஸ்கேனை மட்டுமே காட்டி யாராவது ஆபரேஷன் என்று சொன்னால், தயங்காமல் இன்னொரு நிபுணரிடமும் கருத்து கேட்கலாம். அது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது, நோயாளியின் உரிமை.

வீட்டிலேயே போடும் கணக்கு

மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. மூன்றே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண்.

1. கடந்த ஒரு வாரத்தில் வலி சராசரியாக எவ்வளவு இருந்தது?

2. அந்த வலி, வாழ்க்கையைச் சந்தோஷமாக அனுபவிப்பதை எவ்வளவு தடுத்தது?

3. அன்றாட வேலைகளை எவ்வளவு தடுத்தது?

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். வாரம் ஒருமுறை இதை நாள்காட்டியின் ஓரத்தில் குறித்துவரலாம். எண் குறையவே இல்லை, அல்லது ஏறிக்கொண்டே போகிறது என்றால் இப்போதைய சிகிச்சை போதவில்லை என்று பொருள். சிகிச்சை தொடங்கிய பிறகு அது சுமார் 30 சதவிகிதம் குறைந்தால் நல்ல முன்னேற்றம்.

இந்த எண்ணோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம். வலியால் தூக்கம் கெடுகிறதா? மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போகிறதா? தரையில் உட்கார்வது, கோலம் போடுவது, பஸ் படி ஏறுவது, பேரக்குழந்தையைத் தூக்குவது... இவற்றில் எதையாவது சத்தமில்லாமல் விட்டுவிட்டாரா? ஒரே மருத்துவரிடம் மூன்று மாதம் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தும் பலன் இல்லையா? இரண்டுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலே, அடுத்த கட்ட நிபுணரைப் பற்றிக் குடும்ப மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வலிக்கென்றே மருத்துவர்

வலிக்குத் தனி மருத்துவம் என்ற எண்ணம் வளர்ந்ததில் ஒரு மல்யுத்த வீரருக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தாலியில் 1917-ல் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்த ஜான் பொனிக்கா, மல்யுத்தம் செய்து சம்பாதித்த காசில் மருத்துவம் படித்தவர். மயக்க மருந்து நிபுணரான அவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தார். காயம் ஆறியும் வலி ஆறாத வீரர்களை அங்கே கண்டார். ஒரு துறை மருத்துவரால் மட்டும் இதற்கு விடை காண முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. பல துறை மருத்துவர்களும் கூடிப் பேசினால்தான் வழி பிறக்கும் என்று சொன்னார். 1953-ல் வலி மேலாண்மை பற்றிய பெரிய நூலை எழுதினார். வலி ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு உருவாவதற்கும் அவரே முக்கியக் காரணம். மல்யுத்தத்தில் பட்ட அடிகளால் வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர் அவர்.

இன்று பெரிய மருத்துவமனைகளில் 'பெயின் கிளினிக்' என்ற பெயரில் இயங்கும் பிரிவுகளுக்கு அந்த எண்ணமே அடிப்படை. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மயக்கவியல் படித்து, வலி சிகிச்சையில் கூடுதல் பயிற்சி பெற்றவர்கள். நரம்பு வலிக்கான மருந்துகளைச் சரியான அளவில் அமைப்பது, தேவையான இடத்தில் ஊசி மூலம் நரம்பை மரக்கவைப்பது, பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் ஆகியோரோடு சேர்ந்து திட்டம் போடுவது ஆகியவை அவர்களின் வேலை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாள்பட்ட வலி பல நேரங்களில் பூஜ்யத்துக்கு வராது. '8-ல் இருந்த வலி 4-க்கு வந்தது. மறுபடியும் கடைக்குப் போய் வருகிறேன், இரவு தூங்குகிறேன்' என்பதே பெரிய வெற்றி. 'ஒரே ஊசியில் நிரந்தரத் தீர்வு' என்று வாக்குக் கொடுப்பவர்களிடம் பர்ஸைத் திறக்கும் முன் யோசிக்க வேண்டும்.

மனசுக்கும் மருந்து வேண்டும்

மாதக்கணக்கில் வலித்தால் தூக்கம் போகும், எரிச்சல் வரும், மனம் சோரும். சோர்ந்த மனம் வலியை இன்னும் பெரிதாக்கும். இதனால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், 'அப்போ எனக்கு வலி இல்லேன்னு சொல்றீங்களா?' என்று கோபம் வருகிறது. அதற்கு அப்படிப் பொருள் இல்லை. வலியும் மனமும் ஒரே மூளையில்தான் குடியிருக்கின்றன. 'இப்படி வாழுறதுக்கு...' என்ற பேச்சு வீட்டில் கேட்டால் அதைச் சலிப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

நிபுணரின் அறையில் கிடைப்பது சில நிமிடங்கள். 'எல்லா இடமும் வலிக்குது டாக்டர்' என்று தொடங்கினால் அது அங்கேயே கரைந்துவிடும். ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப்போகலாம்.

* வலி எப்போது தொடங்கியது, எங்கே, எப்படிப்பட்டது: எரிச்சலா, குத்தலா, இறுக்கமா, ஷாக்கா?

* எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது? காலையில் இறுக்கம் எவ்வளவு நேரம்?

* இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகள். கடையில் கேட்டு வாங்கியவை, நாட்டு மருந்துகள் உட்பட.

* சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம், வயிற்றுப் புண், ஒவ்வாமை பற்றிய விவரம்.

* வலியால் விட்டுவிட்ட வேலைகளில் மறுபடியும் செய்ய ஆசைப்படும் ஒன்று. சிகிச்சையின் இலக்கு அதுதான்.

செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எலும்பு மூட்டு, நரம்பியல் போன்ற துறைகளின் புறநோயாளிகள் பிரிவை அங்கே அணுகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் தருவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணிகளில் ஒன்று.

வலியை முதலில் கவனிப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான். கேட்கும் கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். "வலிக்குதா?" என்றால், "ஒண்ணுமில்லடி" என்ற பதில்தான் வரும்.

அந்த மகள் நாளைக் காலை வேறு மாதிரி கேட்டுப் பார்க்கட்டும். "ஏம்மா, காலையில எழுந்து எவ்ளோ நேரம் கழிச்சு உன் விரல் நல்லா மடங்குது?"

அம்மா யோசிப்பார். "அஞ்சு மணிக்கு எழுந்திருக்கேனா... அப்பாவுக்குக் காபி ஆத்துறப்ப சரியாயிடும். ஆறரை இருக்கும்."

ஒன்றரை மணி நேரம். எட்டு மாதங்களாக யாரும் கேட்காததால் யாருக்கும் தெரியாமல்போன கணக்கு அது. வாதநோய் நிபுணர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவதும் அதைத்தான்.